மொபெட்டுக்கு சீட் பெல்ட்

நான் வேலை செய்யும் பால் பரிசோதனைக் கூடத்தில், எல்லாரும் தேநீர் குடிக்கும் அறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் இருக்கிறது. அதன் கதவில் பேரப்பிள்ளைகளின் படங்களையும், வளர்ப்பு நாய்களின் படங்களையும், யாராவது கல்யாணத்துக்கு அழைத்தால் அந்த அழைப்பையும் காந்த வில்லையால் ஒட்டிவைப்பார்கள். ஒரு திங்கட்கிழமை காலை அங்கே புதிதாக ஒன்று தொங்கியது. மார்கரெட்டின் சிவப்புக் கார், அதன் நம்பர், அது போன வேகம், கட்ட வேண்டிய தொகை. வேகக் கேமரா எடுத்து வீட்டுக்கு அனுப்பிய அபராதத் தாள். அதை ஒட்டியது வேறு யாருமில்லை, மார்கரெட்டேதான். ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர், என் பக்கத்து மேசைக்காரர். வருகிறவர்களிடமெல்லாம் காட்டி, "படம் நன்றாக விழுந்திருக்கிறது பார்" என்று சிரித்துக்கொண்டிருந்தார். நியூசிலாந்தின் இந்தச் சின்ன ஊருக்கு நான் வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒருவர் தன் அபராதத்தை நாய்ப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவைப்பார் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. துக்கம் விசாரிக்கிற குரலில், "யாரையாவது பார்த்தீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். "இல்லையே, அங்கே ஒருவரும் இல்லை. வெறும் கேமராதான்" என்றார். நான் விடவில்லை. "இனிமேலாவது பார்ப்பீர்களா?" என்றேன். மார்கரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "ஏன், நான் கண் டாக்டரிடம் போக வேண்டும் என்கிறாயா?" என்று கேட்டார்.

உத்திரமேரூர் பக்கத்தில் இருந்து படிக்கிறவர்களுக்கு நான் கேட்டது புரிந்திருக்கும். எங்கள் பக்கம் ஒருவரை வண்டியோடு நிறுத்திவிட்டார்கள் என்று சேதி வந்தால், என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. "யாரப் பாத்தே?" என்பதுதான் முதல் கேள்வி. கவுன்சிலரைப் பார்த்தாயா, ஏட்டுக்குத் தெரிந்தவரைப் பார்த்தாயா, அந்தக் கட்சிக்காரரைப் பார்த்தாயா. பார்க்க ஆள் உள்ளவருக்கு அபராதம் கிடையாது. ஆகவே அபராதம் கட்டியவர் என்றால் தப்புச் செய்தவர் என்று அர்த்தமில்லை, ஆளில்லாதவர் என்று அர்த்தம். மார்கரெட் சிரித்த இடத்தில் எங்கள் ஊரில் ஒருவர் தலையைக் குனிந்துகொள்வார்.

என் அப்பா, நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், அப்படிக் குனிந்தே பழகியவர். பெயர் ஏழுமலை. ஒரு பழைய மொபெட் வைத்திருக்கிறார். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போலீஸ் நிற்பது தெரிந்தால் முப்பது அடிக்கு முன்னாலேயே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார். ஹெல்மெட் தலையில் இருக்கும், காப்பீடு பெட்டியில் இருக்கும். இருந்தாலும் தள்ளுவார். "எல்லாம் சரியா இருக்குதே நைனா, ஏன் இறங்குறே?" என்று கல்லூரி நாட்களில் பின்னால் உட்கார்ந்துகொண்டு சண்டை போட்டிருக்கிறேன். "சரியா கீதுன்னு அவங்க சொல்லணும்மா, நாம சொல்லக்கூடாது" என்பார். அவர் போலீஸுக்குக் கை நீட்டிக் கொடுத்ததற்கெல்லாம் என்ன காரணம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சாலையில் போவதற்கே கொடுக்க வேண்டிய ஒன்று என்று நினைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நைனா போகவில்லை. ஆனால் ஓட்டத் தெரியும். கிணற்றுமேட்டார் என்று ஊரில் சொல்வார்களே, மோட்டார் கொட்டாய்க்கு மேல்புறம் நிலமுள்ள பெரிய வீட்டுக்காரர், அவருடைய டிராக்டரை இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டினார். அம்மா அதே நிலத்தில் நாற்று நடுவாள். சொந்தமாக வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்க வேண்டும் என்று நைனாவுக்கு ஆசை இருந்தது. அதற்கான லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று விதி. ரோட்டில் மாடு குறுக்கே வந்தால் எங்கே பிரேக் போடுவது என்று எட்டாம் வகுப்பில் சொல்லித்தருவதில்லை என்பதை விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலிருக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் கல்லிலேயே, குடவோலைத் தேர்தலில் நிற்க யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்று நிலத்தையும் படிப்பையும் வைத்து வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் பிறந்துவிட்டு இதற்குக் கோபப்பட்டு ஆகப்போவது என்ன என்று நினைத்துக்கொள்வேன். பிறகு ஒருநாள் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். நைனா போய் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினார். அன்றைக்கு அவர் அனுப்பிய படத்தில் லைசென்ஸ் தெளிவாகவும் அவர் முகம் மங்கலாகவும் இருந்தது. அட்டையை அவ்வளவு முன்னால் நீட்டிப் பிடித்திருந்தார்.

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு எங்கள் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிப்போகும் வேன்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒன்றை ஓட்டும் வேலை நைனாவுக்குக் கிடைத்தது. டிராக்டர் வேலையை விட்டுவிட்டு, புதுச் சட்டை தைத்துக்கொண்டு காத்திருந்தார். வேன் ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பேரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் மதியச் சாப்பாட்டு வேளை அவருக்கு விடிகாலை. அப்போதுதான் பேசுவோம். அன்றைக்குக் குரலே சரியில்லை.

"பேஜாராப் பூட்ச்சும்மா. என் பேர்ல பைன் நிக்குதாம். அத்த கிளியர் பண்ணாத்தான் வண்டிச் சாவி தருவாங்களாம்."

"எதுக்குப் பைன்?"

"மொபெட்டு சீட் பெல்ட் போடலியாம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காத. அவங்க போட்டுக்கீறாங்கன்னா இன்னாமோ இருக்கும்" என்றார். மொபெட்டில் சீட் பெல்ட் வைத்திருக்க வேண்டுமோ, அது தனக்குத்தான் தெரியாமல் போய்விட்டதோ என்று அவர் உண்மையிலேயே யோசித்திருக்கிறார். சேதி எப்போதோ அவருடைய போனுக்கு வந்திருக்கிறது. இங்கிலீஷில் வரும் சேதியெல்லாம் லோன் வேண்டுமா என்று கேட்பதுதான் என்று விட்டிருக்கிறார். கட்டிவிடலாம், தொகை பெரிதில்லை, வேலை போய்விடக் கூடாது என்பது அவருடைய முடிவு. கட்டினால் சீட் பெல்ட் போடாத டிரைவர் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும் என்பது என்னுடையது. வேன் ஓட்டப் போகிறவரின் பேரில் முதல் வரியாக அதுவா எழுதப்பட வேண்டும்? நான் அனுப்பச் சொல்ல, அவர் அந்தச் சேதியை எனக்கு அனுப்பினார். அதில் இருந்த இணைப்பைத் தொட்டதும் படம் வந்தது.

சென்னைக்குப் போகும் பெருஞ்சாலை. ஒரு வெள்ளைக் கார். ஓட்டுகிறவரின் முகம் கண்ணாடிப் பளபளப்பில் தெரியவில்லை, ஆனால் பெல்ட் இல்லாத வயிறு நன்றாகத் தெரிந்தது. நம்பர் பலகையைப் பெரிதாக்கினேன். பழைய காலத்துப் பலகை, பெயின்டரைக் கொண்டு எழுதியது. நைனாவின் மொபெட் நம்பர் இரண்டில் ஆரம்பிக்கும் நான்கு இலக்கம். காரின் நம்பரோ மூன்றே இலக்கம். மொபெட் நம்பரின் கடைசி மூன்றும் அதேதான், முன்னால் உள்ள ஆங்கில எழுத்துகளும் அவையேதான். அந்த மூன்று இலக்கத்துக்கு முன்னால், அதே உயரத்தில், அதே கறுப்பு மையில், ஒரு பிள்ளையார் சுழி. கடையில் கணக்குச் சிட்டையின் தலையில் போடுவதைப் போல பக்தியாகப் போட்ட ஒரு "உ". அதைக் கேமரா இரண்டு என்று படித்துவிட்டது.

தமிழ் எண்களில் உ என்றால் இரண்டுதான். பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எந்த ஊர்க் கம்பெனி செய்ததோ அந்தக் கேமராவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் தப்பில்லாமல் தமிழ் படித்து, என் அப்பாவின் பேரில் அபராதம் போட்டிருக்கிறது. நான் மேசையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். மார்கரெட் எட்டிப் பார்த்தார். கடவுளின் எழுத்து எங்கள் ஊரில் எண்ணாகவும் இருக்கும் என்று விளக்கினேன். "அப்படியானால் அபராதம் கடவுளுக்கா?" என்று கேட்டார். முதல் தடவையாக நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம்.

படத்தை நைனாவுக்கும் அனுப்பிவிட்டு உ-வைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஆனால் படத்தைப் பார்த்த உடனேயே கார் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு விளக்கு மஞ்சளடித்தும் மற்றது புதிதாகவும் இருந்த அந்தக் காரை அவர் எத்தனையோ தடவை கழுவியிருக்கிறார்.

"அது கெணத்துமேட்டார் காரு."

"சரி. நாம காரு யாருதுன்னு சொல்ல வேணாம். நம்ம வண்டி மொபெட்டு, படத்துல இருக்கிறது காரு, அவ்வளவுதான் எழுதப்போறேன்."

"நீ எழுதினா பைன் அவுருக்குப் போவாதா?"

"போகும்."

"அப்பால உங்கம்மா நாளிக்கி எந்தக் கயனில நடுவா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. சட்டப் புத்தகம் எதிலும் அதற்குப் பதில் இல்லை. டிராக்டரை விட்டதிலேயே கிணற்றுமேட்டாருக்கு வருத்தம். இப்போது இதுவும் சேர்ந்தால் காட்டிக்கொடுத்தவன் என்ற பேர் வரும். நைனாவின் பக்கம் வேன் வேலை, அம்மாவின் பக்கம் நடவு வேலை. நடுவில் நான், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நியாயம் பேசிக்கொண்டிருந்தேன்.

இங்கே எல்லாம் நியாயமாக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. எங்கள் கூடத்தில் மாதிரிப் பால் புட்டிகளை ஏற்றி இறக்கும் சியோனே, டோங்கா தீவிலிருந்து வந்தவர். அவருடைய பழைய கார் ஒவ்வொரு தகுதிச் சோதனையிலும் தோற்கும். சரிசெய்யப் பணம் சேர்ப்பதற்குள் தகுதிச் சீட்டின் காலம் முடிந்துவிடும். சீட்டு இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம் வரும். அபராதம் கட்டினால் கார் சரிசெய்யப் பணம் இருக்காது. மார்கரெட்டுக்கு வந்த அதே அளவு தாள் அவருக்கும் வருகிறது, ஆனால் அவர் அதை ஃபிரிட்ஜில் ஒட்டுவதில்லை. எல்லாருக்கும் ஒரே தொகை என்பது எல்லாருக்கும் ஒரே எடை ஆகாது. இருந்தாலும் சியோனேயிடம் யாரும் "யாரைப் பார்த்தாய்?" என்று கேட்பதில்லை. மறுக்க வேண்டுமானால் எங்கே எழுதுவது என்று தாளின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. சொல்லப்போனால் நம் ஊர்ச் சேதியிலும் அது இருக்கிறது. புகார் செய்ய ஒரு பட்டன். எங்கள் வீட்டில் அதை அழுத்தக் கூடியவள் நான் ஒருத்தி.

அழுத்தினேன். நைனா தயங்கித் தயங்கி அனுப்பிய மொபெட்டின் படத்தையும் ஆர்.சி.யையும் சேர்த்து அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒப்பந்தக்காரர் வேறு ஆளைத் தேடத் தொடங்கிவிட்டதாக நைனா சொன்னார். மறுநாள் அவர்தான் கூப்பிட்டார். "நான் கெணத்துமேட்டாராண்ட போறேன். வேற யாருனா சொல்றதுக்கு மின்னாடி நானே சொல்லிர்றேன்."

"அவருகிட்ட எதுக்குப் பர்மிஷன் கேக்கணும்?" எனக்கு ஆத்திரமாக வந்தது.

"பர்மிசன் இல்லம்மா, தகவலு. நீ லைன்லயே இரு. வாயத் தொறக்காத" என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மொபெட் சத்தம், பிறகு தண்ணீர் இறைக்கும் மோட்டார் சத்தம். நான் எங்கள் கூடத்துக்குப் பின்னால், என் காரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா ஏயுமல, காலங்காத்தால. கம்பெனி வேனு ஓட்டப் போறியாமே, எங்களயெல்லாம் கண்ணு தெரியுதா?"

"தெரியாம இன்னாங்கய்யா. வேனுக்குத்தான் ஒரு தடங்கலு. பைன் நிக்குது. என் மொபெட்டு சீட் பெல்ட் போடலியாம்."

கிணற்றுமேட்டார் சத்தமாகச் சிரித்தார். "மொபெட்டுக்கு ஏதுடா சீட் பெல்ட்டு? உன் அரணாக்கயித்தத்தான் இஸ்துக் கட்டணும்."

"போட்டோ வந்துகீது, பாருங்க."

சிரிப்பு நின்றது.

"இது எங்கூட்டுக் காரு மாதிரி கீதே."

"மாதிரிலாம் இல்லீங்கய்யா."

"நம்பரு தப்பா எட்த்துகிச்சா?"

"மின்னாடி பிள்ளையார் சுழி போட்டுக்கீறீங்க இல்ல, அத்த ரெண்டுன்னு எட்த்துகிச்சாம். பொண்ணு பாத்துச் சொல்லிச்சு. கவர்மென்டுக்கும் எழுதிப் போட்ச்சு."

"அதான பாத்தேன். உம்பொண்ணு நூசிலாந்துல குந்திக்கினு எனக்குப் பைன் போடுதா?"

நைனா இப்போது என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தெரியாமல் செய்துவிட்டது, சின்னப் பெண், மன்னித்துவிடுங்கள். அவர் வாயில் அந்த வார்த்தைகளை அத்தனை தடவை கேட்டிருக்கிறேன்.

"அது போடலீங்கய்யா. கேமரா போட்ச்சு. பொண்ணு அத்த எம்மேலேர்ந்து எட்த்து வுட்ச்சு. அவ்ளோதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே துட்டக் கட்டியிருப்பேன் இல்ல? இதுக்குப் போயி எழுதுவாங்களா?" என்றார் கிணற்றுமேட்டார்.

"நீங்க என் பேர்ல கட்டுனா, தப்பு நான் செஞ்சதா ஆயிடுமேங்கய்யா."

"எங்கூட்ல சுழி போடாம ஒரு வண்டி எட்த்ததில்ல. இப்போ பிள்ளையாருக்கே பைனு."

"பிள்ளையாருக்கு இல்லீங்கய்யா. பெல்ட்டுக்குத்தான்."

கிணற்றுமேட்டார் மூக்கால் சிரிப்பது கேட்டது. முழுச் சிரிப்பு இல்லை, ஆனால் சிரிப்புத்தான். "போடா, போ. வந்தா கட்டிக்கிறேன்" என்றார். நான் காரின் கண்ணாடியை இறக்கினேன்.

அடுத்த வாரம் நைனாவின் பேரில் நின்றது நீங்கிவிட்டதாகச் சேதி வந்தது. அதை அவர் அழிக்கவில்லை. ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளிக்குக்கூடக் காட்டியிருக்கிறார். கிணற்றுமேட்டாருக்கும் சேதி போயிருக்கிறது. அம்மாவை எப்போதும் போல நடவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. வரப்பில் நின்று அவர், "உம்பொண்ணாண்ட சொல்லு, கட்டிட்டேன்னு" என்றாராம். குத்தலா, வேடிக்கையா என்று அம்மாவால் சொல்ல முடியவில்லை. "ரெண்டுமேதான் இருக்கும்" என்றாள். பலகையையும் மாற்றி எழுதிவிட்டாராம். உ இப்போது முன்கண்ணாடிக்கு மேலே, இன்னும் பெரிதாக இருக்கிறதாம்.

நான் இதைப் பெரிய வெற்றியாக எழுதவில்லை. கிணற்றுமேட்டார் வேறு மாதிரி ஆளாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையும் வேறு மாதிரி முடிந்திருக்கும். புகார் எழுத ஒரு மகள் இல்லாத வீடுகள் எங்கள் தெருவில் இருக்கின்றன. அங்கேயெல்லாம் மொபெட்டுக்கு சீட் பெல்ட் போடாத பாவத்துக்கு யாரோ பணம் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். ஆனால் என் மனம் லேசாக இருக்கிறது என்பதை மறைக்க முடியவில்லை. ஆள் யார் என்று தெரியாத ஒரு யந்திரம் தப்பாக எழுதியது. தப்பு என்று சொன்னதும், நாங்கள் யாரையும் பார்க்காமலே, அழிக்கவும் செய்தது. இதற்கு முன் எங்கள் குடும்பத்தின் பேரில் எழுதப்பட்ட எதுவும் அப்படி அழிந்ததில்லை.

நைனா முதல் நாள் வேன் எடுத்தபோது அம்மா வாசலில் நின்று போனில் காட்டினாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, எனக்கு மதிய இடைவேளை. கூடத்துக்குப் பின்னால் மழையில் நின்றிருந்த என் காரில் உட்கார்ந்து, போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். புதுச் சட்டையின் மேல் குறுக்காகக் கறுப்பு பெல்ட். பின்னால் அடையாள அட்டை மாட்டிய பெண்கள். நாற்று நட்ட கைகளுக்குப் பிறந்த பெண்கள் அவர்கள், ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "மாமா, பாட்டு போடு மாமா" என்று ஒருத்தி கத்தினாள். "நைனா, இங்க பாரு" என்று நான் கூப்பிட்டேன். அவர் போன் பக்கம் திரும்பவே இல்லை. "ஓட்டசொல்லோ போன் பேசக்கூடாது, பைனு. ஆப் பண்ணச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ஆப் பண்ணவில்லை. வேன் தெருமுனைக்குப் போய் மெயின் ரோட்டுக்குத் திரும்பப் போனது. வலப்பக்கமிருந்து ஒரு லாரி வேகமாக வருவதை, அவர் பார்ப்பதற்கு முன் நான் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். என் கால் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தது. அங்கே வேன் நிதானமாக நின்று, லாரியை விட்டு, ரோட்டில் ஏறிப் போனது. இங்கே என் கார் நின்ற இடத்திலேயே நின்றது. அதன் பின்விளக்குகள் மட்டும் ஈரத் தரையில் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன, நான் காலை எடுக்கும் வரை.